குட்டிப் பாம்புக்கு எத்தனை லிட்டர் டப்பா?

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறோம். 13 வயது மகன் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால், சென்ற மாதம் இரண்டு கார்ன் பாம்புக் குட்டிகள் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு வகை) வாங்கிக் கொடுத்தோம். கடையில் ஷூ பெட்டி அளவு டப்பா போதும் என்றார்கள். இணையத்தில் சிலர் அது கொடுமை, நாலடி விவேரியம் (ஊர்வன வளர்க்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி) வேண்டும் என்கிறார்கள். குழம்பிப்போய் நடுத்தரமாக ஒரு 64 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா வாங்கி, இரண்டையும் அதிலேயே விட்டிருக்கிறோம். உள்ளே ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு பதுங்கிடம், அடியில் ஹீட் மேட் என்ற மின்சூட்டு விரிப்பு. ஒன்று நன்றாகச் சாப்பிடுகிறது. இன்னொன்று மூன்று வாரமாக எதையும் தொடவில்லை, மூலையிலேயே சுருண்டு கிடக்கிறது. மாமியார் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. எந்த அளவு டப்பா சரி? எப்போது மாற்ற வேண்டும்? சின்ன டப்பாவில் அடைத்து வைப்பது பாவமில்லையா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சாப்பிடாத குட்டி. பாம்புக் குட்டி மூன்று வாரம் சாப்பிடாமல் இருப்பது கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் பதற வேண்டியதில்லை. எடை இறங்காதவரை அவகாசம் இருக்கிறது. இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: இரண்டையும் பிரித்து வையுங்கள். டப்பா அளவைப் பற்றிய மற்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்து, துணைக்குத் துணையாக இருக்கின்றன என்று உங்கள் மகன் நினைத்திருக்கலாம். கார்ன் பாம்பு தனித்து வாழும் பிராணி. உங்கள் டப்பாவில் கதகதப்பான பதுங்கிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் அது வேண்டும், அதனால்தான் அங்கே கூடுகின்றன. வலுவான குட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், மற்றது குளிர்ந்த மூலைக்குப் போய்விடும். இந்தப் பாம்புகள் பொதுவாகச் சத்தம் போட்டுச் சண்டை போடாது, கடித்துத் துரத்தாது. ஒன்று சாப்பிடாமல் மெலிவதைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஒரே எலிக்குஞ்சை இரண்டும் இரு முனையிலும் கவ்விக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். கார்ன் பாம்பு தன் இனத்தையே விழுங்குவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. கிங் பாம்பு (நம் ராஜநாகம் அல்ல, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) என்றால் கேட்கவே வேண்டாம், மற்றப் பாம்புகள் அதன் இயல்பான உணவு. எந்த வகையானாலும் ஒரு டப்பாவுக்கு ஒரு பாம்பு.

சரி, எந்த டப்பா? லிட்டர் கணக்கை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். லிட்டர் என்பது எவ்வளவு பொருள் கொள்ளும் என்ற கணக்கு. பாம்புக்கு வேண்டியது தரை. இங்கே பலரும் பயன்படுத்தும் ரியலி யூஸ்ஃபுல் பாக்ஸ் என்ற கம்பெனியின் பிளாஸ்டிக் டப்பா வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4 லிட்டர் டப்பாவும் 9 லிட்டர் டப்பாவும் ஒரே நீள அகலம்: சுமார் 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். உயரம்தான் வேறு. அதே மாதிரி 33, 50, 64, 84 லிட்டர் நான்குமே சுமார் 71 செ.மீ.க்கு 44 செ.மீ. தான். 33 லிட்டரைவிட 84 லிட்டரில் பாம்புக்கு இரண்டரை மடங்கு இடம் என்று நினைத்து வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது உயரத்தை மட்டும். கிளை வைத்து ஏற விடுவதாக இருந்தால் அந்த உயரத்துக்கும் பயன் உண்டு. கார்ன் பாம்பு நன்றாகவே ஏறும். ஆனால் வெறுமனே விட்டால் அது காற்று மட்டும்தான்.

இன்னொன்று, அட்டையில் போட்டிருப்பது வெளி அளவு. இந்த டப்பாக்கள் மேலே விரிந்து அடியில் குறுகும். கைப்பிடி, விளிம்பு எல்லாம் போனால் உள்ளே தரையில் ஐந்தாறு செ.மீ.யாவது குறைந்துவிடும். அதனால் கடைக்குப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டுபோய் உள்தரையை அளந்து பாருங்கள்.

முட்டையிலிருந்து வந்த புதிதில் கார்ன் பாம்புக் குட்டி 20 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும், பென்சில் பருமன்கூட இருக்காது. இந்தக் குட்டிக்கு 9 லிட்டர் டப்பா முதல் சில மாதங்களுக்குச் சரியான வீடு. உடலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் இருக்கிறது, இரண்டு பதுங்கிடமும் தண்ணீர்க் கிண்ணமும் வைக்கத் தரை இருக்கிறது, ஒரு முனை சூடாகவும் மறுமுனை ஆறியும் இருக்க நீளம் இருக்கிறது. இதைவிடச் சின்னது வேண்டாம். சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டிகளில் ஹீட் மேட் வைத்தால் பெட்டி முழுக்கச் சூடாகிவிடும். பாம்பு வெப்பத்தை உடம்புக்குள் உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. சூடு வேண்டுமென்றால் சூடான பக்கம் போகும், போதுமென்றால் ஆறிய பக்கம் வரும். அப்படி நகர்ந்து போக இடமில்லாவிட்டால் அது தப்பிக்க முடியாத அடுப்பு.

அப்படியானால் நீங்கள் வாங்கிய 64 லிட்டரில் என்ன தவறு? பெரிய இடம் குட்டிக்கு ஆகாது, பயந்து சாப்பிடாமல் இருக்கும் என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. குட்டியைப் பயமுறுத்துவது பெரிய இடம் இல்லை, வெட்டவெளி. அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் இந்தக் குட்டிகளுக்கு எல்லையே கிடையாது. ஆனால் அங்கே அடி எடுத்து வைத்தால் ஒரு சருகு, ஒரு மரப்பட்டை, ஒரு வளை. உங்கள் டப்பாவில் ஒரே ஒரு பதுங்கிடம், மற்றதெல்லாம் வழுக்குத் தரை. குட்டி அதைக் கடந்து போகத் துணியாது. தண்ணீருக்கும் வராது, எலிக்குஞ்சை எடுக்கவும் வராது.

அதோடு இங்கிலாந்தின் குளிர் இருக்கிறது. ஹீட் மேட் தான் படிந்திருக்கும் இடத்துத் தரையைச் சுடவைக்குமே தவிர, டப்பாவுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்காது. இரவில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டால் அறை 16, 17 டிகிரிக்கு இறங்கும். 71 செ.மீ. நீள டப்பாவின் மறுகோடியும் அதே 17 டிகிரிதான். அந்த மூலையில் சுருண்டிருக்கும் குட்டிக்குச் செரிமானம் சரியாக நடக்காது. சாப்பிட்டாலும் கக்கிவிடலாம். உங்கள் சாப்பிடாத குட்டியின் பிரச்சினை இதுவாகவே இருக்கும் என்று எனக்குப் படுகிறது. சின்ன டப்பாவில் வெப்பத்தைப் பிடித்து வைப்பது எளிது, குட்டி எங்கே இருக்கிறது, சாப்பிட்டதா, எச்சம் போட்டதா என்று பார்ப்பதும் எளிது. முதல் சில மாதங்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் காரணங்கள் இவ்வளவுதான்.

இனி 9 லிட்டர் டப்பாவை எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம். மகனை உட்கார வைத்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள். இரண்டு குறுகிய பக்கங்களிலும் காற்றுத் துளைகள் வேண்டும், மூடியில் வேண்டாம். துளை 3 மி.மீ., அதிகம் போனால் 4. சால்டரிங் அயர்னால் சுடுகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, உள்ளிருந்து வெளியே குத்துங்கள், உருகிய பிசிறு வெளிப்பக்கம் நிற்கும். டிரில் என்றால் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்து மெதுவாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் விரிந்துவிடும். முடித்ததும் உள்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இரவெல்லாம் வெளியே போக வழி தேடி அந்தத் துளைகளில்தான் குட்டி மூக்கை உரசிக்கொண்டிருக்கும். மூக்கு நுனியில் செதில் பெயர்ந்து புண்ணோடு என்னிடம் வரும் குட்டிகளின் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் தடவிப் பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பிசிறு கையில் தட்டுப்படும்.

ஹீட் மேட் தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடும்படி ஒரு முனையில், டப்பாவுக்கு அடியில். தெர்மோஸ்டாட் (சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவி) கட்டாயம். அது இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை, இல்லாவிட்டால் இந்த வாரமே வாங்குங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். பாம்புக்குச் சூடு தெரிந்து விலகுவதற்குள் தோல் வெந்துவிடும். சூடான முனையின் தரை 30 டிகிரியை ஒட்டி, ஆறிய முனை 22 முதல் 24 வரை. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், டிஜிட்டல் வெப்பமானியின் முனையைத் தரையில் வைத்துப் படியுங்கள்.

தரைக்கு முதல் சில வாரம் கிச்சன் பேப்பர் போதும், எச்சம் பளிச்சென்று தெரியும். பிறகு ஆஸ்பென் மரச்சீவல் போடலாம். அதைக் குட்டி குடைந்துகொண்டு உள்ளே போகும், அதுவே பாதிப் பாதுகாப்பு. ஆனால் ஹீட் மேட் இருக்கும் பக்கம் மெல்லிய படலமாகவே போடுங்கள், கனமாகப் போட்டால் சூடு மேலே வராமல் அடியில் தேங்கும். சீடர் மரச்சீவல் மட்டும் கூடவே கூடாது, அதன் எண்ணெய் மணம் பாம்புக்கு நஞ்சு. பதுங்கிடம் இரண்டு, சூடான முனையில் ஒன்று, ஆறிய முனையில் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் பயமா குளிரா என்று குட்டி தேர்ந்தெடுக்க வேண்டி வரும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, டாய்லெட் ரோலின் அட்டைக்குழல் போதும். உள்ளே புகுந்தால் உடம்பு இரு பக்கமும் உரச வேண்டும், அப்போதுதான் அதற்கு நிம்மதி. நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் கசக்கிய காகிதமோ பிளாஸ்டிக் இலைகளோ போட்டு நிரப்புங்கள்.

அப்புறம் உங்கள் மாமியாருக்காக, மூடி. குட்டியின் தலை நுழையும் இடைவெளியில் முழுப் பாம்பும் நுழையும். கார்ன் பாம்புக் குட்டிக்கு 5 மி.மீ. இடைவெளியே எனக்குப் பயம். பெரிய டப்பாக்களில் பூட்டு இரண்டு முனைகளில்தான் இருக்கும், நீளப் பக்கத்தின் நடுவில் மூடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உங்கள் 64 லிட்டரில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தூக்கிப் பாருங்கள், புரியும். கண்ணாடிக் கதவு வைத்த மர விவேரியமும் குட்டிக்குப் பத்திரம் என்று சொல்ல முடியாது, இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று நகரும் அந்தச் சந்து வழியாகவே எத்தனையோ குட்டிகள் வெளியே போயிருக்கின்றன. 9 லிட்டரில் மூடி இறுக்கமாக உட்காரும். அதன்மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தால் மாமியாருக்கும் தைரியம் வரும். கார்ன் பாம்புக்கு விஷம் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள், ஆனால் வயதானவர்களின் பயம் அந்தத் தகவலால் போவதில்லை. பாம்பு டப்பாவை விட்டு வெளியே வரவே முடியாது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

எப்போது மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள், சாப்பாட்டைப் பொறுத்து ஒரே முட்டைக் கூட்டத்தில் வந்த இரண்டு குட்டிகளே வெவ்வேறு வேகத்தில் வளரும். டப்பாவின் உள்தரையில் மூலைக்கு மூலை நாடாவைப் பிடித்தால் 9 லிட்டரில் ஏறக்குறைய 40 செ.மீ. வரும். பாம்பு அந்த நீளத்தை எட்டும்போது அடுத்ததற்குத் தயாராகிவிடுங்கள். பாம்பைப் பிடித்து இழுத்து அளக்க வேண்டாம், முதுகெலும்புக்கு நல்லதில்லை. சூடான நேரத்தில் அது தானாக டப்பாவின் ஓரமாக நீண்டு ஊரும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். உரித்த சட்டையை வைத்து அளக்காதீர்கள். உரியும்போது அது இழுபட்டு, பாம்பைவிட நீளமாகிவிடும்.

மாற்றும்போது நீங்கள் வைத்திருக்கும் 64 லிட்டரையே எடுங்கள், அது வீணாகவில்லை. அதே துளைகள், அதே இரண்டு பதுங்கிடம், கூடவே இன்னும் மூன்று நான்கு மறைவுகள், குறுக்கே ஒரு கிளை. பழைய பதுங்கிடத்தைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோய் வைத்தால் அதன் வாசனை பாம்புக்குத் தெம்பு தரும். கண் பால் போல் மங்கிச் சட்டை உரிக்கப் போகும் நேரத்திலும், சாப்பிட்ட இரண்டு நாளுக்குள்ளும் இடம் மாற்றாதீர்கள். ஒரு பாம்புக்கு ஒன்று என்பதால் இன்னொரு பெரிய டப்பாவும் வேண்டியிருக்கும். வளர்ந்த கார்ன் பாம்பு பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. வரை போகும். அப்போது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலமாவது உள்ள விவேரியம் இல்லாமல் முடியாது. இரண்டு பாம்பு என்றால் இரண்டு விவேரியம். அதற்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று இப்போதே கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இல்லை என்று தோன்றினால், ஒரு குட்டியைப் பொறுப்பானவர் கையில் ஒப்படைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாவமில்லையா என்ற உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன், பாம்பு வளர்ப்பவர்களில் பலர் அதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. குட்டியைச் சில மாதம் அளவான, நிறைவான சின்ன டப்பாவில் வைப்பது பாவமில்லை. வளர்ந்த பாம்பை அதே டப்பாவில் வருடக்கணக்கில் மடக்கி வைப்பது பாவம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விற்பனைக்கு இனப்பெருக்கம் செய்கிறவர்கள் அலமாரி இழுப்பறை போல டப்பாக்களை அடுக்கி நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள். அவர்கள் அப்படி வைப்பது இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்த. பாம்பு சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, அதனால் நலம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது போதவில்லை. லிங்கன் பல்கலைக்கழகத்தில் கார்ன் பாம்புகளையே வைத்து இடத்தின் அளவைப் பற்றி ஆய்வு செய்தார்கள். பெரிய இடம் கொடுத்தபோது அவை உடலை நேராக நீட்டிக்கொண்டன, சின்னதா பெரியதா என்று தேர்ந்தெடுக்க விட்டபோது பெரியதின் பக்கமே சாய்ந்தன. அமைதியாகச் சுருண்டு கிடக்கிறதே, சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நாமாகச் சொல்லிக்கொள்வது வசதிக்காகத்தான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் விலங்கு நலச் சட்டம் 2006 பாம்புக்கும் பொருந்தும். பிராணிக்கு ஏற்ற இருப்பிடம் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. 16 வயதுக்கு உட்பட்டவர் வளர்த்தால், அவரைப் பராமரிக்கும் பெற்றோரே பொறுப்பு. குட்டிகளை மகன் தன்னுடையவை என்று சொல்லலாம், சட்டப்படி கேள்வி உங்களிடம்தான் வரும். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சாரையோ மலைப்பாம்போ மண்ணுளியோ, காட்டிலும் வயலிலும் பிடித்த நம் ஊர்ப் பாம்பை டப்பாவில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே எழுதியிருக்கும் அளவுகள் அதற்காக அல்ல.

பிள்ளைகள் கார்ன் பாம்போடு நிற்க மாட்டார்கள், அடுத்து ராயல் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகையைக் கேட்பார்கள். அதன் குட்டி பிறக்கும்போதே 40 செ.மீ. பக்கம், 50 கிராமுக்கு மேல் எடை. இந்த 9 லிட்டர் அதற்கு ஒத்துவராது, ஈரப்பதமும் கூடுதலாக வேண்டும். மில்க் பாம்பு (இன்னொரு அமெரிக்கப் பாம்பு வகை) வாங்கினால் துளைகளை இன்னும் சின்னதாகப் போட வேண்டும், அந்தக் குட்டிகள் அவ்வளவு மெலிசு.

இனி இந்த வாரத்து வேலை. 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, சாப்பிடாத குட்டியை எடை போட்டு எழுதி வையுங்கள். சமையலறைத் தராசு போதாது, எட்டுக் கிராம் உடம்பில் அரைக் கிராம் இறங்கினால் அதில் தெரியாது. புது டப்பாவில் விட்டு, தண்ணீர் மாற்றுவதைத் தவிர ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள், மகனையும் தொட விடாதீர்கள். பிறகு ஒரு மாலை, விளக்கைக் குறைத்துவிட்டு, உறைநிலையிலிருந்து முழுதாக இளக்கிய ஒரே ஒரு பிங்க்கி (முடி முளைக்காத) எலிக்குஞ்சை வெந்நீரில் கொஞ்சம் சூடேற்றி, ஈரம் துடைத்து, சூடான பதுங்கிடத்தின் வாசலில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். காலையில் பார்த்தால் போதும். எடுக்கவில்லை என்றால் எறிந்துவிட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி. எலிக்குஞ்சு இளக்கும் கிண்ணத்தையும் பாம்பு டப்பாவையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாம்புகள் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக் கூடும். வீட்டில் வயதானவர் இருப்பதால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

இரண்டு முறை வைத்தும் எடுக்காவிட்டால், அல்லது முதல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். எல்லா மருத்துவமனையிலும் பாம்பு பார்க்க மாட்டார்கள், முன்கூட்டியே ஃபோனில் கேட்டுக்கொள்வது நல்லது. போகும்போது எடை எழுதிய தாள், இரண்டு முனைகளின் வெப்ப அளவு, டப்பாவை மேலிருந்து எடுத்த ஒரு படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.